உடைந்த கடைவாய்ப் பல்லைக் கட்டி எழுப்புதல்

ஆறு வயதை ஒட்டி, எந்தப் பாற்பல்லும் விழாமலே, வாயின் கடைக்கோடியில் முளைக்கிறது முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் பாற்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சொத்தை பிடித்தால் ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பின் அந்த இடத்துக்கு வேறு பல் கிடையாது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் கொண்ட இந்தப் பல்லில்தான் நிரந்தரப் பற்களிலேயே பெரும்பாலும் முதலில் சொத்தை விழுகிறது, முதல் அடைப்பும் இதற்குத்தான். அடைத்தது பெயரும், இன்னும் கொஞ்சம் குடைந்து மறுபடி அடைப்பார்கள், அதுவும் பெயரும். ஒரு நாள் சீடையையோ பாக்கையோ கடிக்கும்போது நாக்குப் பக்கச் சுவர் மொத்தமாகக் கழன்று கைக்கு வந்துவிடும்.

அப்படி உடைந்த பல்லை என்ன செய்வது? பிடுங்கலாம். ரூட் கெனால் செய்து கேப் போடலாம். அளவெடுத்து ஆய்வகத்தில் செய்த துண்டை ஒட்டலாம். அல்லது, பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டை வாய்க்குள்ளேயே அடுக்கடுக்காக வைத்து, ஒளியால் இறுக்கி, போன சுவரையும் முகட்டையும் அங்கேயே கட்டி எழுப்பலாம். காம்போசிட் முன்பற்களுக்கு உரியது, கடைவாயின் பாரத்தை அது தாங்காது என்பதுதான் வெகுகாலம் பாடமாக இருந்தது. இன்று அந்தப் பாடம் தலைகீழாகிவிட்டது. சில மருத்துவர்கள் எந்த உடைந்த பல்லுக்கும் இதுவே போதும் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது சான்று. அது காட்டுவதாக எனக்குப் படுவது இது: காம்போசிட் தாங்குமா என்பது பழைய கேள்வி, அதற்கு விடை கிடைத்துவிட்டது. மீதமிருக்கும் பல்லின் விளிம்பு எப்படிப்பட்டது, அந்த வாயில் சொத்தை எவ்வளவு வேகமாக விழுகிறது, மருத்துவர் எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்பவையே இப்போது முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலில், உடைந்தது என்றால் என்ன உடைந்தது? கடைவாய்ப் பல்லின் வலு அதன் பருமனில் இல்லை. மேற்பரப்பைச் சுற்றி வளையமாக ஓடும் விளிம்பு மேடுகளில் இருக்கிறது. பிடுங்கிய பற்களைச் சோதித்து ரீயும் அவரது சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. ரூட் கெனாலுக்காக நடுவில் துளையிட்டதால் பல்லின் விறைப்பு குறைந்தது 5 சதவீதம்தான். மேற்பரப்பில் மட்டும் குடைந்தபோது 20 சதவீதம் குறைந்தது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு விளிம்பு மேடுகளையும் வெட்டி, மூன்று பரப்புகளுக்கு ஓடும் குழியாக்கியபோது 63 சதவீதம் போய்விட்டது. ரூட் கெனால் செய்த பல் ‘செத்துவிட்டது, காய்ந்துவிட்டது, அதனால் உடைகிறது’ என்று சொல்லப்படுவதுண்டு. பல்லைப் பலவீனமாக்குவது நரம்பு போனதல்ல, வளையம் அறுந்தது.

அந்த வளையத்தை அறுத்ததில் பழைய அடைப்புக்கும் பங்குண்டு. பாதரசமும் வெள்ளியும் தகரமும் கலந்த அமால்கம், 1833இல் க்ராக்கூர் சகோதரர்கள் வழியாக நியூயார்க்குக்குள் நுழைந்தது. அதைத் தொடக்கூடாது என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்ட அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று அந்தச் சண்டையிலேயே சிதைந்து கலைந்தது, அமால்கம் நிலைத்தது. அதை அறிவியலாக்கிய ஜி.வி. பிளாக், 1908இல் வெளியிட்ட பெருநூலில் குழி வெட்டும் இலக்கணத்தையே வகுத்தார். அமால்கம் பல்லில் ஒட்டாது. எனவே கழன்று விழாதபடி அடிப்பக்கம் அகன்ற குழியாக வெட்ட வேண்டும். உடையாதபடி ஆழமாகவும் வெட்ட வேண்டும். இனி சொத்தை வரக்கூடிய பள்ளங்களையும் முன்கூட்டியே குழியோடு சேர்த்துவிட வேண்டும். ஃப்ளூரைடு பற்பசை இல்லாத காலத்துக்கு அது நியாயமான யோசனை. ஆனால் சொத்தைக்குப் பலியானதைவிட அதிகமான நல்ல பல், அடைப்பை நிறுத்திவைப்பதற்காகவே வெட்டப்பட்டது. உலோகம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அசையாமல் நிற்க, சுற்றியிருந்த மெல்லிய சுவர்களில் கீறல்கள் இறங்கின. நடுத்தர வயதில் முகடு பெயர்ந்து வருபவர்களின் வாயில் பழைய வெள்ளி அடைப்பு இருப்பது தற்செயல் அல்ல.

ஒட்டக்கூடிய பொருள் வேண்டும் என்ற தேடலுக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் ராசெஸ்டரில் வேலை செய்த மைக்கேல் புவோனோகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதையே எனாமலில் பூசிப் பார்த்தார். 85 சதவீத அமிலம், 30 வினாடி. எனாமலின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத குழிகளாக அரிக்கப்பட்டு, அதன்மேல் வைத்த பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. 1955இல் அவர் எழுதிய சிறு கட்டுரைக்கு அப்போது பெரிய வரவேற்பு இல்லை. ஒட்டத் தெரிந்தது, ஒட்டத் தகுந்த பொருள் இல்லை. அதைக் கொடுத்தவர் ரஃபேல் போவன். பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினோடு, அதில் பிணைந்துகொள்ளும்படி பக்குவப்படுத்திய சிலிக்காத் தூளையும் கலந்து, 1962இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் கிடைக்கும் காம்போசிட்களில் பெரும்பாலானவை அந்தக் கலவையின் வாரிசுகள்தாம்.

முதல் வாரிசுகள் கடைவாயில் தோற்றன. துகள்கள் பெரிதாக இருந்ததால், மெல்ல மெல்ல பிசின் தேய்ந்து துகள்கள் உதிர்ந்தன. சில ஆண்டுகளில் அடைப்பு குழிந்துபோனது. ‘கடைவாயில் தாங்காது’ என்ற பாடம் உருவானது அப்போதுதான். துகள்கள் மைக்ரானுக்கும் கீழே சுருங்க, தேய்மானம் எனாமலை நெருங்கும் அளவுக்குக் குறைந்தது. பல்லை நறநறவெனக் கடிப்பவர்களையும் எந்நேரமும் பாக்கு மெல்லுபவர்களையும் தவிர்த்துவிட்டால், தேய்மானம் இன்று ஒரு பெரிய குற்றச்சாட்டு அல்ல. பாடம் மட்டும் இன்னும் சில பாடப் புத்தகங்களில் தங்கியிருக்கிறது.

எனாமலில் ஒட்டுவது எளிது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் வேறு சங்கதி: ஈரமானது, பாதி புரதமும் நீரும், ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் வழியாகப் பற்கூழோடு தொடர்புடையது. அதில் அமிலம் வைப்பது நரம்பைக் கொல்லும் என்று மேற்குலகம் அஞ்சிக்கொண்டிருந்தபோது, டோக்கியோவில் தகாவோ ஃபுசாயாமா 1979இல் எனாமலையும் டென்டினையும் சேர்த்தே அமிலத்தால் அரித்து ஒட்டிக் காட்டினார். 1982இல் நகாபயாஷி, அரிக்கப்பட்ட டென்டினின் கொலாஜன் இழைகளுக்குள் பிசின் ஊடுருவி உருவாகும் கலப்பு அடுக்கை விவரித்தார். பாண்டிங் என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்த அடுக்கில்தான் நிற்கிறது; அது சில மைக்ரான் தடிப்புதான். எம்டிபி என்ற மூலக்கூறு கால்சியத்தோடு வேதிப்பிணைப்பே உண்டாக்கும் என்பது அடுத்த முன்னேற்றம். இதிலும் ஜப்பானியர்களே முந்தினார்கள்.

அந்த அடுக்குக்கு ஆயுள் எவ்வளவு? பிசின் முழுதாக நனைக்காத கொலாஜனை, டென்டினுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் மெதுவாகத் தின்கின்றன. ஈரம் பிசினைத் தளர்த்துகிறது. ஆய்வகத்தில் பிரமாதமாகத் தெரிகிற ஒட்டு, ஆண்டுகள் போகப்போக டென்டினில் வலுவிழக்கிறது. எனாமலில் அப்படி இழப்பதில்லை. எனவே ஒரு கட்டுமானம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதன் ஓரம் எதில் முடிகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் எனாமல் விளிம்பு இருந்தால் உள்ளே இருக்கும் டென்டின் ஒட்டு வெளிநீரிலிருந்து காக்கப்படுகிறது. ஈறுக்குக் கீழே, எனாமலே இல்லாத இடத்தில் ஓரம் முடிந்தால், எதிரி நுழையும் வாசல் அங்கே திறந்திருக்கிறது.

அடுத்த பிரச்சினை சுருக்கம். காம்போசிட் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம் வரை சுருங்குகிறது. அது சுவர்களில் ஒட்டிக்கொண்டே சுருங்குவதால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒட்டு விடும், அல்லது சுவர் உள்ளே இழுக்கப்பட்டுக் கீறல் விழும். அடைத்துவிட்டு வந்த மறுநாள் கடித்தால் சுரீரென்று கூசுவதற்கு இது ஒரு காரணம். ஆம்ஸ்டர்டாமில் ஃபைல்சரும் டேவிட்சனும் 1987இல் இதற்கு ஒரு அளவுகோல் தந்தார்கள்: ஒட்டியிருக்கும் பரப்பை ஒட்டாமல் திறந்திருக்கும் பரப்பால் வகுத்துப் பார். ஐந்து பக்கமும் சுவர் சூழ்ந்த சிறிய பெட்டிக்குழிக்கு இந்த எண் 5. சுருங்குவதற்கு இடமே இல்லாததால் இழுவிசை உச்சத்தில் இருக்கும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கட்டுரைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. பல் எவ்வளவு மோசமாக உடைந்திருக்கிறதோ, அவ்வளவு சுவர்கள் குறைவு; சுவர்கள் குறைந்தால் இந்த எண்ணும் குறைவு. முகடுகளெல்லாம் போய்த் தட்டையாக நிற்கும் பல்லின்மேல் காம்போசிட் வைத்தால் அது மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் தாராளமாகச் சுருங்கிக்கொள்ளலாம். சுருக்கத்தின் கொடுமை அதிகம் படிவது பார்வைக்குச் சின்னதாக, ஆழமாக, நாலு சுவரும் நிற்கும் குழியில்தான். பெரிதாக உடைந்த பல்லில் மருத்துவர் பயப்பட வேண்டியது சுருக்கத்துக்கு அல்ல. ஈறோரத்துக்கும் எச்சிலுக்கும் எஞ்சிய முகடுகளின் மெலிவுக்கும்தான்.

சுருக்கத்தைச் சமாளிக்க 2 மி.மீ.க்கு மேற்படாத அடுக்குகளாக, ஒரே நேரத்தில் எதிரெதிர்ச் சுவர்களைத் தொடாமல் சாய்வாக வைப்பது பழைய முறை. 4 மி.மீ. வரை ஒரே வீச்சில் நிரப்பக்கூடிய பல்க்-ஃபில் வகைகள் 2010ஐ ஒட்டி வந்து வேலையைக் குறைத்தன. மருத்துவச் சோதனைகளில் அவை மோசமாக நடந்துகொள்ளவும் இல்லை. ஆனால் ஒளி எட்டுவது என்ற சிக்கல் எந்த வகைக்கும் உண்டு. காம்போசிட்டை இறுக வைக்கும் கேம்ஃபோர்குவினோன் 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உறிஞ்சுகிறது. பக்கத்துப் பல்லை ஒட்டிய பெட்டியின் அடித்தளம் விளக்கு முனையிலிருந்து 6, 7 மி.மீ. கீழே இருக்கும், சொத்தை முதலில் திரும்பி வரும் அந்த இடத்துக்கே குறைவான ஒளி போய்ச் சேர்கிறது. விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே பாதி ஒளி சுவரில் பட்டுவிடும். மேலே கல் போல் இறுகி, அடியில் பச்சையாக இருக்கும் அடைப்பை வாய்க்குள் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கிளினிக்கில் விலையுயர்ந்த பாண்டிங் வாங்குகிறவர்கள் பலர், விளக்கின் முனையில் காய்ந்து ஒட்டியிருக்கும் காம்போசிட்டைச் சுரண்டுவதில்லை.

கட்டுவதற்கு முன் எடுப்பதில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. சொத்தையின் கடைசித் துகள் வரை சுரண்டு, கருவி கிறீச்சிடும் வரை போ என்பது பழைய கட்டளை. ஃபுசாயாமா காலத்திலிருந்தே, வெளியடுக்கு மட்டுமே மீட்க முடியாதது, உள்ளடுக்கு மென்மையானாலும் மீளக்கூடியது என்ற கருத்து இருந்தது. பிரேசிலில் மால்ட்ஸ் தலைமையில் நடந்த ஐந்தாண்டுச் சோதனையில், நரம்பை ஒட்டிய மென்மையான டென்டினை விட்டுவிட்டு ஒரே அமர்வில் அடைத்த பற்களில் 80 சதவீதம் உயிரோடு இருந்தன. இரண்டு அமர்வாகப் பிரித்து முழுதாகச் சுரண்டியவற்றில் 56 சதவீதம்தான். விளிம்புகளைச் சுத்தமாக்கு, நடுவில் கை வைக்காதே என்பதே இன்றைய வழி. ஒட்டு நிற்பதற்கு விளிம்பு போதும். நரம்பு பிழைப்பதற்கு நடு வேண்டும். ரூட் கெனால்கள் எத்தனையோ இதனால் தவிர்ந்திருக்கலாம்.

ஒட்டி முடிக்கும்வரை பல்லை உலர்வாக வைத்திருக்க உதவும் ரப்பர் டேம், 1864இல் நியூயார்க்கின் சான்ஃபோர்டு பார்னம் கண்டுபிடித்தது. ஒரு ரப்பர் தாளில் துளையிட்டுப் பல்லை மட்டும் வெளியே விடுவது. அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை. அமில அரிப்புக்குப் பின் ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டு கெட்டுவிடும் என்பதை மறுப்பவர் யாருமில்லை. இருந்தும் நம் ஊர்க் கிளினிக்குகளில் பஞ்சுருளைதான் ஆட்சி செய்கிறது. பஞ்சுருளையாலும் உறிஞ்சு குழாயாலும் நன்றாகச் செய்தவர்கள் உண்டு, ஆராய்ச்சிகளிலும் உண்டு. மேல்தாடைச் சிறு குழிக்கு அது போதும். கீழ்த்தாடையில், நாக்கு முட்டும் பக்கத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் கட்டுமானத்தைப் பஞ்சை நம்பிச் செய்வது சூதாட்டம்.

நோயாளிகள் அதிகம் முறையிடுவது உடைவதைப் பற்றி அல்ல. ‘சாப்பாடு மாட்டுது டாக்டர்’ என்றுதான். அமால்கத்தை அழுத்தித் திணித்தால் அது, போன சுவரின் இடத்தில் அச்சாக நிறுத்தும் மேட்ரிக்ஸ் பட்டையைப் பக்கத்துப் பல்லோடு தள்ளும். காம்போசிட் தள்ளாது. பல்லைச் சுற்றி வளைத்துக் கட்டும் பழைய நேர்ப் பட்டையை அப்படியே காம்போசிட்டுக்குப் பயன்படுத்தினால் பக்கத்துப் பல்லைத் தொடாத தட்டைச் சுவர்தான் கிடைக்கும். பிறைவடிவத் துண்டுப் பட்டை, ஆப்பு, பற்களை இழுத்துப் பிரிக்கும் வளையம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இறுக்கமான தொடுபுள்ளியைத் தருகின்றன. நெதர்லாந்துச் சோதனைகள் இதை உறுதி செய்திருக்கின்றன. பின்சுவரும் முன்சுவரும் முழுதாகப் போன பல்லில் இந்த வளையம் பிடித்துக்கொள்ள இடமிருக்காது. அப்போது முதலில் ஒரு பக்கச் சுவரை மட்டும் எழுப்பி, அதையே தாங்கலாகக் கொண்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். கைவேலைக்கு அதிகப் பழக்கம் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

உடைவு ஈறுக்குக் கீழே போயிருந்தால்? எலும்புக்கு மேலே சுமார் 2 மி.மீ. அகலத்துக்கு ஈறும் இழைகளும் பல்லோடு ஒட்டியிருக்கின்றன. அந்த இடத்தில் அடைப்பின் ஓரம் குத்தினால் ஈறு நிரந்தரமாகச் சிவந்து வீங்கும். முன்பெல்லாம் ஈறையும் எலும்பையும் அறுத்துப் பல்லை நீளமாக்குவார்கள். 1998இல் டீச்சியும் ஸ்பிராஃபிக்கோவும் வேறு வழி சொன்னார்கள்: ஆழமான ஓரத்தின்மேல் ஒரு மெல்லிய காம்போசிட் படியைக் கட்டி, விளிம்பையே ஈறுக்கு மேலே கொண்டுவந்துவிடு. இதுவரை வந்த பின்தொடர்தல்கள் நம்பிக்கை அளிக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தேர்ந்த கைகளில், கவனமாகப் பல் துலக்கும் நோயாளிகளிடம் நடந்தவை. ரப்பர் டேம் பிடிக்காத ஆழத்தில், ரத்தம் கசிந்துகொண்டிருக்க, இதைச் செய்யலாம் என்பதற்குச் சான்றாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எஞ்சிய முகடுகளை வைத்துக்கொள்வதா, வெட்டிக் குறைத்து மேலே மூடுவதா என்பது அடுத்த முடிவு. அடிப்பகுதியில் 2 மி.மீ.க்கும் மெலிந்த முகடு, கடி விழும் பக்கமானால் 3 மி.மீ.க்கும் மெலிந்த முகடு தனியாக நிற்காது. அதை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குறைத்துக் காம்போசிட்டால் மூட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். நல்ல பல்லை வெட்டுகிறாரே என்று நோயாளிக்குத் தோன்றும். வெட்டாமல் விட்ட முகடு பின்னொரு நாள் வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது. உள்ளே குறுங்கண்ணாடி இழை கலந்த காம்போசிட்டை வைத்து மேலே சாதாரண காம்போசிட் போடுவது அண்மைய பழக்கம். ஆய்வகத்தில், இழை வைத்தவை உடையும்போது பெரும்பாலும் ஈறுக்கு மேலேயே உடைகின்றன, திரும்பச் சரிசெய்யும்படி. வாய்க்குள் நீண்டகாலம் என்ன ஆகிறது என்பதற்கு இன்னும் ஆண்டுகள் போக வேண்டும். ‘பயோமிமெடிக்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பள்ளி இத்தகைய பல நுணுக்கங்களை ஒரே நெறியாகக் கோத்திருக்கிறது. அதன் முன்னோடிகளில் ஒருவரான பாஸ்கல் மேனியின் ஆய்வக வேலை திடமானது. அந்தப் பெயரில் நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளின் உறுதிப்பாடோ, கையில் இருக்கும் மருத்துவச் சோதனைகளைவிட நாலடி முன்னே ஓடுகிறது.

சரி, இவையெல்லாம் எவ்வளவு நாள் நிற்கின்றன? லிஸ்பனில் காசா பியா பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த சோதனை அமால்கத்தின் பாதுகாப்பை அறியத் தொடங்கியது. உடன்விளைவாக ஆயுளையும் சொன்னது. ஏழாண்டில் அமால்கம் 94.4 சதவீதமும் காம்போசிட் 85.5 சதவீதமும் தாக்குப்பிடித்தன. காம்போசிட்டைச் சுற்றி மறுபடி சொத்தை விழும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. பெரிய அடைப்புகளில், மூன்று பரப்புக்கு மேற்பட்டவற்றில், இடைவெளி இன்னும் அகலம். சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகள், காம்போசிட் ஏறத்தாழ இரு மடங்கு தோற்கிறது என்று சொல்வது பெரும்பாலும் இதையும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் குழந்தைகளிடம் நடந்த சோதனையையும் வைத்துத்தான். அந்தச் சான்றின் உறுதி குறைவு என்பதையும் அவையே சொல்கின்றன.

நெதர்லாந்தின் நைமேகனில் ஒப்டாம் தன் சகாக்களோடு பார்த்தது வேறு மக்களை. வயதுவந்தோரின் 1,949 பெரிய அடைப்புகளைப் பன்னிரண்டாண்டு அளவில் ஒப்பிட்டபோது, மொத்தத்தில் காம்போசிட்டே மேலாக நின்றது. அதே தரவைச் சொத்தை அபாயத்தால் பிரித்தபோது படம் தெளிந்தது: அபாயம் குறைந்தவர்களிடம் காம்போசிட் வென்றது, அபாயம் மிகுந்தவர்களின் மூன்று பரப்பு அடைப்புகளில் அமால்கம் வென்றது. 2014இல் அவர்கள் நடத்திய தொகுப்பாய்வில் கடைவாய்க் காம்போசிட்களின் ஆண்டுத் தோல்வி விகிதம் ஐந்தாண்டில் 1.8 சதவீதம், பத்தாண்டில் 2.4 சதவீதம், நோயாளியின் சொத்தை அபாயமும் பரப்புகளின் எண்ணிக்கையுமே முடிவை அசைத்தன. பிரேசிலில் ஒரே மருத்துவர் வைத்த அடைப்புகளை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலும் ஆண்டுத் தோல்வி 1.5க்கும் 2.2க்கும் இடையில்தான். லிஸ்பனும் நைமேகனும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. இனிப்புத் தின்னும் பத்து வயதுக் குழந்தையின் வாயும், ஆண்டுதோறும் பல் மருத்துவரைப் பார்க்கும் டச்சுக்காரரின் வாயும் ஒரே பரிசோதனைக்கூடம் அல்ல.

முகடே போன பல்லுக்கென்று நேரடியாக நடந்த நல்ல சோதனைகள் குறைவு. ஃபென்னிஸ் குழு, ஒரு முகடு உடைந்த மேல்தாடை முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, வாய்க்குள் நேரடியாகக் கட்டியதையும் ஆய்வகத்தில் செய்து ஒட்டியதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. ஐந்தாண்டில் நேரடியாகக் கட்டியவை 91.2 சதவீதம் நின்றன, ஒட்டியவை 83.2, புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட தொகுப்பாய்வுகளும் ஆய்வகத் துண்டுக்குத் தெளிவான மேன்மை எதையும் காட்டவில்லை. ஆய்வகத் துண்டு வாய்க்கு வெளியே சுருங்கிவிடுகிறது என்பது உண்மையான சாதகம். இரண்டு அமர்வும் இரட்டைச் செலவும் அதன் விலை.

ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கேப் கட்டாயமா என்பதில் கருத்து வேறுபாடு கூர்மை. கேப் போடாதவை ஆறு மடங்கு வேகமாக இழக்கப்பட்டன என்று 2002இல் அக்விலினோவும் கேப்லனும் அயோவாவின் பழைய பதிவேடுகளிலிருந்து காட்டினார்கள். பல கிளினிக்குகளில் இந்த எண் வேதவாக்கு. ஆனால் எந்தப் பல்லுக்குக் கேப் என்று தேர்ந்தெடுத்தவர் மருத்துவர். நிற்கும் என்று தோன்றியதற்கும், செலவழிக்க வசதியுள்ளவருக்கும் கேப் போயிருக்கும். குலுக்கல் சோதனைகளைத் தேடிய காக்ரேன் குழுவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: முன்கடைவாய்ப் பற்களில் நடந்தது, மூன்றாண்டுகளில் வேறுபாடு காட்டாதது. கேப் வேலை செய்யும் விதம் உலக்கைக்குப் பூண் போடுவதைப் போன்றது. ஆனால் பூண் பிடிக்க ஈறுக்கு மேலே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் சுற்றிலும் வேண்டும். அது இல்லாத பல்லுக்குக் கேப் போட்டால் கேப்பும் அதைத் தாங்க வேருக்குள் ஊன்றிய தூணும் ஒன்றாகக் கழன்று வரும். அந்த உயரம் இருந்தும் கேப்புக்காகச் சுற்றிலும் சீவிவிட்டால், மீதமிருந்த எனாமலும் போய்விடுகிறது. இரண்டு விளிம்பு மேடுகளும் போன, கடைசிக் கடைவாயில் பாரம் சுமக்கிற ரூட் கெனால் பல்லின் முகடுகளை மூடியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூடுவது கேப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கே சான்று போதவில்லை.

காம்போசிட்டின் சாதகங்களில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது பழுதுபார்க்கும் வசதி. ஓரத்தில் சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி, மறுபடி ஒட்டிவிடலாம். முழுதாகப் பெயர்த்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நல்ல பல்லும் சேர்ந்து போகும். காம்போசிட் பல்லின் நிறத்தில் இருப்பதால் எது பல் எது அடைப்பு என்று தெரியாமல் கூடுதலாகவே போகும். பழுதுபார்ப்பையும் தோல்வி என்று எண்ணினால் கணக்கு மோசமாகத் தெரியும். பல் வாயில் இருக்கிறதா என்று எண்ணினால் கணக்கே மாறிவிடும்.

யாருக்கு இது கூடாது? ரப்பர் டேமோ வேறு வழியோ உலர்வைத் தராத பல்லுக்கு. சுற்றிலும் எனாமலே இல்லாததற்கு. வேருக்குள் கீறல் இறங்கிய பல்லுக்கு எந்தப் பொருளும் உதவாது, பிடுங்கத்தான் வேண்டும். வாய் உலர்ந்துபோனவர்களுக்கும் புதுச் சொத்தைகள் வரிசையாக வந்துகொண்டிருப்பவர்களுக்கும் முதலில் அதை நிறுத்தும் சிகிச்சை வேண்டும். அதுவரை ஃப்ளூரைடு விடும் கண்ணாடி அயனோமர் அடைப்பு போதும்.

அமால்கத்துக்கோ நாள் எண்ணப்படுகிறது. 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் இணைந்தது. 2022இல் சேர்த்த திருத்தம் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அமால்கத்தைக் கட்டுப்படுத்தியது. நார்வே, சுவீடன் பத்தாண்டுக்கு மேல் முன்பே விட்டுவிட்டன; ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை தவிர்த்து, நிறுத்திவிட்டது. காரணம் வாயைவிடச் சுற்றுச்சூழல்தான். ஆனால் அமால்கம் அவசரத்தையும் ஈரத்தையும் மன்னிக்கும் பொருள், காம்போசிட் மன்னிக்காது. தனியார் கிளினிக்கில் ஒன்றரை மணி நேர நாற்காலிக்குக் கட்டணம் கேட்கலாம். கேட்காவிட்டால் அந்த வேலை நாற்பது நிமிடத்தில் முடிக்கப்படும், மூன்றாண்டில் பெயரும், ‘வெள்ளை அடைப்பு நிக்காதுங்க’ என்ற பேச்சு பரவும். காலையில் வரிசை வாசலைத் தாண்டும் அரசு மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே அமால்கத்தின் இடத்தை நிரப்பப்போவது இந்தக் கட்டுரையில் விவரித்த கட்டுமானம் அல்ல. அமிலமும் அடுக்கும் அதிகம் கேட்காத கண்ணாடி அயனோமரும், இந்தியாவில் ஏற்கெனவே புழங்கிவரும் அல்காசைட் வகை அடைப்புகளும்தான். முகடு போன கடைவாய்ப் பல்லில் இவற்றின் நீண்டகாலச் சோதனைகள் காம்போசிட்டுக்கு இருப்பதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. நடத்த வேண்டிய ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது.